ரியல் சாரின் வெள்ளம்

அந்த ஆள் தன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற குதிரைதான். கிணற்றடிக்கு நடத்திக்கொண்டு போவார். வாளியை இறக்குவார், இழுப்பார், தொட்டியில் ஊற்றுவார். ஒரு தொட்டிக்கு நாலு வாளி. குதிரை குடித்து முடித்துத் தலையை உதறுகிற வரைக்கும் மவுஸிலிருந்து கையை எடுக்கமாட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் மேஜைமேல் உறுமிக்கொண்டே நகரும். ‘வீடு’ என்று எழுத்து வரும். போனைக் கவிழ்த்து வைப்பார். திரும்ப உறுமும். இன்னும் கொஞ்சம் தள்ளி வைப்பார்.

“எடுத்துப் பேசுங்க சார், மூணு தடவை வந்துடுச்சு,” என்பேன்.

“குதிரை தண்ணி குடிச்சிட்டிருக்குல்ல? இப்ப எடுத்தா இம்மெர்ஷன் போயிடும்.”

இம்மெர்ஷன் என்றால் உள்ளே முழுகிப் போவது. விளையாடுகிறோம் என்பதே மறந்து, அந்த உலகத்திலேயே இருக்கிற மாதிரி ஆகிவிடுவது. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். அதற்கப்புறம் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் ரியல் சார் என்று கூப்பிடுவோம், முகத்துக்கு நேராகவே. அது கிண்டல் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. பட்டம் கொடுத்த மாதிரி சிரித்துக்கொள்வார்.

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் ஒரு கேமுக்காக அடித்துக்கொண்டீர்கள். “பசி, தூக்கம் எல்லாம் வெச்சாதான்ப்பா நிஜமா இருக்கும்,” என்றான் பெரியவன். “ஸ்கூல்லயும் பசிக்குது, கேம்லயும் பசிக்கணுமா?” என்றாள் சின்னவள். நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. எனக்கு ரியல் சார் ஞாபகம் வந்துவிட்டார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன், தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சின்னவள் எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம் அது. தி. நகரில் ஒரு எவர்சில்வர் பாத்திரக்கடைக்கு மாடியில் கேம் சென்டர் ஒன்று இருந்தது. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தூசி தட்டுவது, ஃபேன் மாற்றுவது, புது கேம் ஏற்றுவது. புதன்கிழமை மத்தியானம் கூட்டமே இருக்காது. அந்த நேரத்தை ரியல் சார் பிடித்துக்கொண்டார். எட்டு மெஷின், எட்டு பேர், ஒரே கேம்.

உங்களுக்குப் புரியும். உங்கள் அம்மாவுக்காகச் சொல்கிறேன். அந்தக் கேமில் பழைய காலத்து ஊர் ஒன்று இருக்கும். ஆறு, மலை, சந்தை, காடு எல்லாம் உண்டு. எட்டு பேரும் அந்த ஊருக்குள் ஆளுக்கொரு ஆளாகப் போவார்கள். ஒருவன் கொல்லன், ஒருவன் வேடன். அந்த ஆளாகவே உள்ளே பிழைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், சண்டை வந்தால் போட வேண்டும். ஊர் முழுவதையும் தன்னிடம் வைத்திருக்கிற மெஷினுக்கு சர்வர் என்று பேர். அது என் மேஜைக்குக் கீழே இருந்தது. கேமைக் கொண்டுவந்தவர் ரியல் சார். அதனால் சட்டமும் அவருடையது.

வந்த புதிதில் நல்ல கேமாகத்தான் இருந்தது. பசங்க கத்திக்கொண்டு விளையாடுவார்கள். அப்புறம் ரியல் சார் தானே எழுதிய துண்டுத் துண்டு நிரல்களைக் கொண்டுவந்து என்னிடம் கொடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் ஒரு சட்டம். முதலில் பசி. அப்புறம் தாகம். அப்புறம் குளிர். அப்புறம் சாப்பாடு ஊசிப்போவது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சட்டென்று தாவுகிற வசதியை எடுத்துவிட்டார். நடந்துதான் போகவேண்டும். அப்புறம் நடந்தால் கால் வலிக்கும் என்று ஒன்று. ஐந்து சாமானுக்கு மேல் தூக்க முடியாது என்று ஒன்று. செத்தால் செத்ததுதான், ஆள் அழிந்துவிடுவான், முதலிலிருந்து வேறு ஆளாக வரவேண்டும். பாதியில் மெஷினை அணைத்துவிட்டு எழுந்து போனாலும் உன் ஆள் உள்ளே பத்து நிமிஷம் அப்படியே நிற்பான், எவன் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

யாராவது முனகினால் ஒரே கேள்விதான். “நிஜத்துல எப்படி நடக்கும், சொல்லு?”

நந்தனத்திலிருந்து மூன்று காலேஜ் பசங்க வருவார்கள். அதில் ஒருத்தன் கேட்டான், “சார், எல்லாத்தையும் சேத்துட்டீங்க, ஒண்ணுக்குப் போறத மட்டும் ஏன் சார் விட்டுட்டீங்க?”

எல்லோரும் சிரித்தோம். ரியல் சார் சிரிக்கவில்லை. “எழுதிட்டிருக்கேன். அடுத்த மாசம் வந்துடும்,” என்றார்.

வந்தது.

இவ்வளவு நிஜத்தைக் கேட்கிற மனுஷன் வெளியே எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் சென்டருக்கு பதினெட்டுப் படி. அந்தப் பதினெட்டுப் படியை ஏறிவந்து, “லிஃப்ட் வைக்கமாட்டீங்களா?” என்று வாரம் தவறாமல் கேட்பார். தி. நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு நடை தூரம் எங்கள் தெரு. அதற்கும் ஆட்டோ. உள்ளே அவருடைய ஆள் பூஞ்சை பிடித்த ரொட்டியைத் தின்பான். வெளியே டீ கொஞ்சம் ஆறியிருந்தால் டீக்கடைக்காரரைத் திரும்ப மேலே ஏறிவரச் சொல்வார். அந்தக் கிளாஸை ஒரு நாளாவது கீழே கொண்டுபோய் வைத்ததில்லை.

அவருக்குக் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே செய்வது. அடையாறில் மூன்றாவது மாடி வீடு. புதன்கிழமை மத்தியானம் அவர் வேலையில் இருப்பதாகத்தான் கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. வீட்டு மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்க ஒரு சின்ன மெஷின் வாங்கி வைத்திருந்தார். ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரியே காட்டுமாம். இதை எங்களிடம் பெருமையாகச் சொன்னார். நிஜத்தின்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

ஒரு கோடையில் அவர் மனைவியே நேரில் வந்துவிட்டார்கள். அதுவரை அந்தம்மாவை நாங்கள் பார்த்ததில்லை. நெற்றியெல்லாம் வேர்வை, புடவைக் கரை முழங்கால் வரைக்கும் ஈரம். அவர்கள் அடுக்குமாடியில் கிணறு வற்றி, தண்ணீர் லாரி வந்திருக்கிறது. மோட்டார் எரிந்துபோய்விட்டது. வீட்டுக்கு ஒரு ஆள் கீழே நின்று பிடித்துத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அந்தம்மா ஒன்பது தடவை போன் செய்திருக்கிறார். அந்த நேரம் ரியல் சார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தம்மா கத்தவில்லை. திரையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

“பத்துக் குடம் மூணு மாடி ஏத்தியிருக்கேன். உங்க குதிரை குடிச்சாச்சா?”

“ரெண்டே நிமிஷம். இதைச் சத்திரத்துல கட்டிட்டு வந்துடறேன். இங்கயே விட்டா திருடன் ஓட்டிட்டுப் போயிடுவான்.”

“கட்டுங்க. பத்திரமாக் கட்டுங்க.”

அந்தம்மா வீட்டுச் சாவியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். சாவியை வைக்கும்போது அந்தக் கை நடுங்கியது. தண்ணீர் தூக்கின கை அப்படித்தான் நடுங்கும். எனக்குக் கூச்சமாக இருந்தது, பசங்க எல்லோரும் அவரவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரியல் சாரும் அந்தக் கையைக் கவனித்திருக்கிறார். கவனித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

“பாத்தீங்களா? வெயிட் தூக்கினா அப்புறம் கை நடுங்கணும். இத எப்படி விட்டேன்!”

அடுத்த புதன்கிழமை கேமில் வாளி தூக்கின எல்லா ஆளுக்கும் கை நடுங்கியது. அச்சு அசல் அந்தம்மா கை.

அன்றைக்கே அந்த ஆள்மேல் எனக்கிருந்த மரியாதை போய்விட்டது. இருந்தும் அவர் கொடுக்கிறதை ஏற்றிக்கொண்டுதான் இருந்தேன். அதையும் எழுதவேண்டும், அப்பா மட்டும் யோக்கியன் மாதிரி எழுதக்கூடாது.

இனி மஞ்சுவைப் பற்றிச் சொல்லவேண்டும். எட்டாவது மெஷின் அவளுடையது. பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசிருக்கும். முதல் தடவை போன் சார்ஜ் போடுவதற்காக மேலே வந்தாள். ஒரு மெஷின் சும்மா இருந்தது, உட்காரச் சொன்னேன். அதிலிருந்து வார லீவான புதன்கிழமை தவறாமல் வர ஆரம்பித்துவிட்டாள். அவள் வீடு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறவேண்டும்.

“லீவு நாள்ல வீட்ல இருக்காம எதுக்கும்மா இவ்ளோ தூரம் வரே?” என்று கேட்டேன்.

“ஊட்ல எட்டு பேரு கீறோம் ணா. இங்க ஒரு சேரு கீது. எனக்கே எனக்கு.”

நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி மேலே வைத்துக்கொள்வாள். கடையில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நிற்கிற வேலை. உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபிறகு அவர்கள் கடையிலும் ஒரு ஸ்டூல் வைத்தார்களாம். “ஸ்டூல் கீது. அது மேல எப்பவும் துணிக்கட்டு குந்திக்கினு இருக்கும்,” என்பாள்.

கால் வலிக்கிற சட்டத்தை ரியல் சார் கொண்டுவந்த அன்றைக்கு மஞ்சுவுக்குத் தாங்கவில்லை.

“இன்னா சார் இது? சந்தைக்குப் போறதுக்குள்ள மூணு தடவ குந்திக்கிறா என் ஆளு!”

“நிஜத்துல அவ்ளோ தூரம் நடந்தா வலிக்காதா?”

“நிஜத்துல வலிக்குதுன்னுதான சார் நான் இங்க வரேன்.”

ரியல் சார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “உங்களுக்கு விளையாடத் தெரியல மஞ்சு. கஷ்டம் இருந்தாத்தான் அந்த உலகம் உண்மைன்னு தோணும்.”

கஷ்டம் என்ற வார்த்தையை, நாங்கள் சாப்பிடப் போக முடியாத ஓட்டலின் பேரைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

மஞ்சுவுக்குச் சண்டையில் ஆசை கிடையாது. வீடு கட்டினாள். ஆற்றங்கரையில் ஒரு வீடு. ரியல் சாருடைய சட்டப்படி ஒரு மரம் வெட்டவே அரை மணி ஆகும், வெட்டினதைத் தூக்கிவர இன்னொரு அரை மணி. வாரத்தில் ஒரே மத்தியானம். பொங்கல் முடிந்து ஆரம்பித்தவள் ஆயுதபூஜைக்குத்தான் கூரை போட்டாள். இரண்டு அறை, உள்ளேயே கக்கூஸ், வெளியே கோழிக்கூடு, ஆற்றைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். கூரை போட்ட அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் கீழேயிருந்து சமோசா வாங்கிவந்தாள்.

“மலை மேல கட்டிருக்கலாமே க்கா, ரியல் சார் மாதிரி?” என்றான் காலேஜ் பையன்.

“நாங்க முன்ன ஆத்தாண்டதான் இருந்தோம். ஜன்னல தொறந்தா ஆறு. நாறும், ஆனா தெரியும். இப்ப கவர்மெண்ட்டுல எட்டாவது மாடில போட்டுட்டாங்க, ஜன்னல தொறந்தா எதிர் பிளாக்கு. இந்த ஆறு நாறக்கூட இல்ல. அதான் எனக்கு இந்தக் கேம்ல புடிச்சதே.”

இதை ரியல் சார் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார்.

“மஞ்சு, அப்ப அந்தப் பெரிய மழை வந்தப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா?”

“ஆமா சார். நான் ஸ்கூல்ல படிச்சிக்கினு இருந்தேன்.”

“தண்ணி எப்படி வந்துச்சு? வாசல் வழியாவா?”

அவளுக்கு முகமே மாறிவிட்டது. யாரும் அவளை அதுவரை அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள் போல. சொல்ல ஆரம்பித்தாள்.

“எல்லாரும் அப்டிதான் நெனச்சிக்கிறாங்க சார். வாசல்ல வரவேயில்ல. கக்கூஸ் ஓட்டை வழியாதான் மொதல்ல வந்துச்சு. குபுக்கு குபுக்குன்னு. அம்மா பழைய துணியெல்லாம் போட்டு அடைச்சுது. அத்தயும் தள்ளிக்கினு வந்துடுச்சு. அப்பால சுவத்தோரமா ஊறிச்சு. எலிங்க எல்லாம் மேல ஏறிச்சிங்க. எலி ஏறிச்சுன்னா நாமளும் ஏறணும்னு அப்பா சொல்லும்.”

“கலர்?”

“டீ கலரு சார்.”

“முழங்கால் வரைக்கும் வர எவ்ளோ நேரம் ஆச்சு? சத்தம் எப்படி இருந்தது? வாசனை?”

ரியல் சார் கேட்கக் கேட்க மஞ்சு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் போனில் இரண்டு கட்டைவிரலாலும் தட்டிக்கொண்டே இருந்தார். யாருக்கோ மெசேஜ் அனுப்புகிறார் என்று அவள் நினைத்திருக்கவேண்டும். போகும்போது என் மேஜைப் பக்கம் வந்து, “சார் நல்லவராத்தான் கீறாரு ணா. நாம சும்மா ஓட்டிக்கினு கெடக்குறோம். இவ்ளோ அக்கறையா என்னை யாரும் கேட்டதில்ல,” என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ரியல் சாரிடமிருந்து அடுத்த சட்டம் வந்தது. பேர் ‘வெள்ளம்’. என்னென்ன நடக்கும் என்று அவரே குறிப்பு எழுதியிருந்தார். படித்தேன். முதல் வரியிலேயே கக்கூஸ் ஓட்டை. அடுத்த வரியில் எலி.

போன் செய்தேன். “சார், இத போட்டா மஞ்சு வீடு போயிடுமே?”

“ஆத்தோரம் கட்டினா போகத்தான் செய்யும். நிஜத்துல போகலையா?”

“அந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடட்டுமா?”

“சொன்னா அப்புறம் என்ன இம்மெர்ஷன்? நீங்க ஏத்துங்க.”

ஏற்றினேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கேம்தானே, மரமும் செங்கலும் திரையில்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்று மட்டும் செய்தேன். எந்த மெஷினில் கைவைத்தாலும் அதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து வைப்பது என் பழக்கம். கழற்றினதைத் திரும்ப மாட்ட வழி இருக்க வேண்டும் இல்லையா? காப்பி எடுக்கவே கூடாது, நிஜத்தில் காப்பி ஏது என்று ரியல் சார் சொல்லி வைத்திருந்தார். நான் எடுத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஊர் எப்படி இருந்ததோ அப்படியே, எட்டு ஆளும், எல்லா வீடும், ஒரே கோப்பாக.

புதன்கிழமை மஞ்சு வந்தாள். செருப்பைக் கழற்றினாள், காலை மேலே வைத்துக்கொண்டாள். கேமுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் தன் ஆளை நிறுத்தி மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் குபுக் என்று ஒரு சத்தம்.

மஞ்சு திரும்பினாள். கேமுக்குள் இல்லை, நாற்காலியிலேயே திரும்பினாள். எங்கள் சென்டரின் கக்கூஸ் கதவைப் பார்த்தாள். அப்புறம்தான் திரையைப் பார்த்தாள். உள் அறையிலிருந்து டீ கலரில் தண்ணீர் தரையில் பரவிக்கொண்டு வந்தது. ஒரு எலி சுவரில் ஏறியது.

காலைக் கீழே வைத்தாள். குனிந்தாள். சுடிதார் பேண்ட்டை இரண்டு காலிலும் முழங்கால் வரைக்கும் சரசரவென்று சுருட்டிவிட்டாள். கம்ப்யூட்டர் முன்னால், காய்ந்த தரையில் கால் வைத்துக்கொண்டு.

“பாத்தீங்களா!” ரியல் சார் எழுந்தே நின்றுவிட்டார். கைதட்டினார். “பேண்ட்ட சுருட்டறாங்க பாருங்க! இதுதான் இம்மெர்ஷன்! இதுக்குத்தான் நான் மூணு வாரம் உக்காந்து எழுதினேன்!”

யாரும் கைதட்டவில்லை. மஞ்சு அவரைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் ஏன் கேட்டார் என்று அந்த நிமிஷம்தான் அவளுக்குப் புரிந்தது. 

“மஞ்சுக்கா, மலைக்கு ஓடு! உன் ஆளு செத்துடுவா!” என்று பையன் கத்தினான். அவள் மவுஸைப் பிடித்தாள். கூட்டிலிருந்து ஒரு கோழியை எடுத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தன் ஆளை நடத்திக்கொண்டு மலைக்கு ஏறினாள். மற்ற ஆறு பேரும் முன்னாடியே ஏறிவிட்டார்கள்.

எல்லோரும் மேலே ஏற, ஒரே ஒரு ஆள் மட்டும் கீழே இறங்கினார். ரியல் சார். அவருடைய வீடு மலைமேல், அவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. கிட்டே நின்று பார்க்கவேண்டும் என்று குதிரையோடு தண்ணீருக்குள் இறங்கினார். மஞ்சு வீட்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டு, “சுவர் சரியற சவுண்ட் கேளுங்க, சவுண்ட் கேளுங்க,” என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது அடுத்த தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் டப் என்று வெடித்தது. எட்டு திரையும் கறுத்துப்போயின. என் மேஜைக்கு அடியில் சர்வர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, ஊர் உள்ளே நடந்துகொண்டிருந்தது, வெள்ளமும் ஏறிக்கொண்டிருந்தது, ஆட ஆள் இல்லை.

கால் மணி கழித்துக் கரண்ட் வந்தது. ஏழு பேருடைய ஆளும் மலைமேல் சவுக்கியமாக நின்றார்கள். ரியல் சார் திரையில் ஒரே ஒரு வரி. நீங்கள் மூழ்கி இறந்துவிட்டீர்கள். பாதியில் மெஷின் அணைந்தாலும் ஆள் பத்து நிமிஷம் நின்ற இடத்தில் நிற்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவருடைய ஆள் நின்றிருக்கிறான். தண்ணீர் ஏறியிருக்கிறது. இரண்டு வருஷமாக வளர்த்த ஆள், குதிரை, எல்லாம் போச்சு.

என் மேஜைக்கு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. “காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா? எடுத்திருப்பீங்க. எனக்குத் தெரியும், நீங்க எடுத்திருப்பீங்க.”

எனக்குப் பொய் வரவில்லை. “நேத்து சாயந்திரத்துது இருக்கு சார்.”

“போடுங்க. உடனே போடுங்க. கரண்ட் போனதெல்லாம் கேம்ல சேராது. அது வெளி விஷயம்.”

“இன்னா சார்,” என்றாள் மஞ்சு தன் இடத்திலிருந்தே. “வெள்ளத்துல கரண்ட் போவாதா? எங்க ஊட்ல மொதல்ல போனதே கரண்ட்டுதான். நீங்க அத்த கேக்கவேயில்ல.”

பசங்க சிரித்துவிட்டார்கள். ரியல் சாருக்குக் காது சிவந்தது. ஆனால் கெட்டிக்காரர். குரலை மாற்றிக்கொண்டு அவளிடம் போனார்.

“மஞ்சும்மா, உங்களுக்கும் நல்லதுதானே? காப்பி போட்டா உங்க வீடும் திரும்ப வந்துடும். வெள்ளத்தை எடுத்துடச் சொல்றேன். வேணும்னா கால் வலியும் எடுத்துடலாம். என்ன?”

மஞ்சு என்னைப் பார்த்தாள். “அப்டியே வருமா ணா? ஜன்னலு, கூடு, அல்லாம்?”

“அப்படியே வரும்மா.”

“இவரும் வருவாரா?”

“எல்லாம் ஒரே கோப்புல இருக்கு. பிரிச்சு எடுக்க எனக்குத் தெரியாது.”

அவள் திரையைப் பார்த்தாள். பத்து மாசத்துப் புதன்கிழமைகள் அந்தத் தண்ணீருக்குக் கீழே இருந்தன.  ரியல் சார் ஒரு கையால் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார், எங்கே மாட்டேன் என்று சொல்லிவிடப்போகிறாளோ என்கிற மாதிரி.

“அப்ப வாணா ணா,” என்றாள். “அழிச்சிடு.”

“மஞ்சு! உங்க வீடும்மா!”

“போன ஊடு போனதுதான் சார். எங்களுக்கு யாரும் காப்பி எடுத்து வெக்கல.”

ரியல் சார் என் கையைப் பிடித்தார். அந்தக் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. தன் மனைவி சாவியை வைத்துவிட்டுப் போன அன்றைக்கு வராத தண்ணீர். ரெண்டு வருஷம், ரெண்டு வருஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் கை அவர் பிடியில் இருந்ததால் மற்ற கையால் அந்தக் கோப்பை அழித்தேன். அன்று செய்ததில் நான் வருத்தப்படாதது அது ஒன்றுதான்.

“உங்களுக்கெல்லாம் கேம்னா என்னன்னே தெரியாது,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் வரவில்லை. வீட்டிலேயே பெரிய மெஷின் வாங்கி, தனியாக ஊர் ஒன்று போட்டுக்கொண்டார் என்று காலேஜ் பசங்க சொன்னார்கள். அதில் அவரைத் தவிர யாரும் கிடையாதாம். அந்த ஊர் எவ்வளவு நிஜமாக இருந்தால் எனக்கென்ன?

பிள்ளைகளா, பசியும் குளிரும் வைத்து ஆட ஆசை இருந்தால் ஆடுங்கள். உங்கள் ஆள் பட்டினி கிடக்கட்டும். அடுத்தவர் ஆளை அவர்களைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள். அடுத்தவர் பட்ட பாட்டை எடுத்து அவர்கள்மேலேயே திருப்பி ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அன்றைக்கு எல்லோரும் போனபிறகும் மஞ்சு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆள் மலைமேல் கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். மஞ்சு தன் பேண்ட்டை இன்னும் இறக்கிவிடவில்லை.

“இது எப்ப வடியும் ணா?”

ரியல் சாருடைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். “மூணு நாள்னு எழுதியிருக்காரு.”

“எங்களுக்குப் பதினோரு நாளு ஆச்சு,” என்றாள். சொல்லிவிட்டு அவசரமாக என் பக்கம் திரும்பினாள்.

“அத்த அவருக்குச் சொல்லிடாத ணா.”